வெற்றுப்பக்கச் சான்று

பொடிசு கணக்குப் புத்தகத்தில் இருந்த பன்னிரண்டு வாத்துகளில் ஐந்தைக் குளத்தில் இறக்கிவிட்டு, கரையில் எத்தனை நிற்கின்றன என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் மேற்பார்வையாளர் அம்மா உள்ளே வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கழுத்தில் தொங்கிய அட்டையில் அவருடைய படம். படத்தில் இருந்தவர் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர் சிரிக்கவில்லை. பொடிசின் அப்பா லிஃப்ட்காரர் உட்காரச் சொன்னதற்கு, ஆய்வின்போது உட்காருவதில்லை என்றார். தண்ணீர் கொடுத்ததற்கு, ஆய்வு முடிந்ததும் குடிப்பதாகச் சொல்லி, தம்ளரைத் தன் கண்ணில் படும்படி மேசை ஓரத்தில் வைக்கச் சொன்னார்.

இல்லவழிக் கல்வி மேற்பார்வை அலுவலகம் என்று ஒன்று இருப்பது லிஃப்ட்காரருக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு வரை பெயரளவில்தான் தெரியும். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கம்பெனி அவரை ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் என்று தூக்கிப்போட்டுக்கொண்டே இருந்தது. மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் எடுப்பதுமே பிழைப்பாகிவிடும் என்று அவர் மனைவி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அலுவலகத்தில் பதிவு செய்தது அவள். ஒன்பது புத்தகங்கள் கொண்ட பாடத்தொகுதியை வாங்கி வந்தது அவள். வருடா வருடம் படிவங்களை நிரப்பியதும் அவள். ஒரு வாரக் காய்ச்சலில் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனதும் அவள்தான்.

அதன் பிறகு அவர் 'கற்பிப்பவர் மாற்றம்' என்ற படிவத்தை நேர்மையாக நிரப்பி அனுப்பினார். காரணம் என்ற கட்டத்தில் 'இறப்பு' என்று எழுதினார். அதுவரை அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்காத அலுவலகம், அந்த ஒரு சொல்லைப் படித்த கையோடு ஆள் அனுப்பிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

மேற்பார்வையாளர் அம்மா பொடிசின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பினார். உள்பக்கத்தில் 'பெரியவள்' என்று எழுதி ஒரு கோடு, அதன் கீழே 'நடுவன்' என்று எழுதி ஒரு கோடு, அதற்கும் கீழே 'பொடிசு' என்று இருந்தது. அவர் அதை மூன்று தடவை படித்தார்.

"இது யாரோட புத்தகம்?"

"எங்களோடது" என்றாள் பொடிசு.

"எங்களோடதுன்னு ஒரு புத்தகம் கிடையாதும்மா. ஒரு குழந்தை, ஒரு தொகுதி, ஒரே முறை. அதுதான் விதி." பிறகு விதிமுறைப்படி ஒரு கேள்வி கேட்டார். "கரையில எத்தனை வாத்து?"

"ஏழு."

அவர் குறிப்பேட்டில் எழுதியதை லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். 'விடை சரி. ஆனால் இந்த விடை ஏற்கெனவே இருமுறை கண்டுபிடிக்கப்பட்டது' என்று இருந்தது.

பிறகு நின்றபடியே விளக்கினார். ஒரு புத்தகத்தில் உள்ள அறிவு அதை முதலில் படிக்கும் குழந்தைக்கு உரியது. அந்தக் குழந்தை படித்து முடித்ததும் புத்தகம் 'நுகரப்பட்டது' ஆகிறது. நுகரப்பட்டதை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பது, மென்றதை எடுத்து ஊட்டுவது போல. தம்பி தங்கைகளின் நலனுக்காகவே அலுவலகம் பழைய தொகுதிகளைத் திரும்ப எடுத்துக் கூழாக்குகிறது. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு புதிய தொகுதியை இலவசமாகவே கொடுக்கிறது.

லிஃப்ட்காரர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பெட்டி காலையில் நூறு பேரை ஏற்றிவிட்டு மாலையில் நூறு பேரை இறக்கும். நாலாவது மாடிக்கு ஒருவன் போய்விட்டதால் அடுத்தவனுக்கு நாலாவது மாடி தீர்ந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. இதை அவர் தமக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தார். மேற்பார்வையாளர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, போக்குவரத்து வேறு துறை என்றார்.

"புதுசு வேண்டாம் மேடம். இதுவே எங்களுக்குப் போதும்."

"வேண்டாம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான். வேண்டாம்னு சொல்றவங்களுக்குன்னு எங்ககிட்ட படிவமே இல்லை."

அதனால் அவர் சொன்னது பதிவாகவில்லை. ஒன்பது புத்தகங்களும் துணிப்பைக்குள் போயின. வாய் கட்டப்பட்டு அரக்கு வைக்கப்பட்டது. 'நுகரப்பட்ட அறிவு, எண்ணம் ஒன்பது' என்று ஒரு ரசீது கிழித்துக் கொடுக்கப்பட்டது. ஆய்வு முடிந்ததால் மேற்பார்வையாளர் அம்மா தண்ணீரைக் குடித்தார்.

அவர் எடுத்துக்கொண்டு போனது வெறும் புத்தகமாக இருந்திருந்தால் லிஃப்ட்காரர் இந்த அளவுக்குக் கலங்கியிருக்க மாட்டார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. மனைவி போன பிறகு மூன்று மாதங்கள் அந்தப் புத்தகங்களை யாரும் தொடவே இல்லை. ஒரு நாள் பொடிசுதான் தானாக எடுத்துக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தாள். திறந்தபோதுதான் ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருப்பதை அவர் கண்டார். அவள் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டவை.

'பெரியவள் தெரியும் என்பாள். தெரியாது. மறுபடி கேள்.'

'நடுவன் பென்சிலைக் கடித்தால் பசி. கணக்கு வரவில்லை என்று நினைத்து விளக்கோ விளக்கு என்று விளக்காதே.'

'இந்தப் பக்கத்தில் நானே தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இரண்டாவது பிள்ளைக்குச் சரி செய்தாகிவிட்டது. மூத்ததிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.'

அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பாடம் நடத்தினார். இயந்திரத்தோடு வரும் கையேடு மாதிரி. அதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது; அவள் காலத்திலிருந்தே பிள்ளைகள் காத்துவந்தது. ஒரு பக்கம் வந்தால்தான் அந்தப் பக்கத்துக் குறிப்பைப் படிக்கலாம். முன்னால் புரட்டக் கூடாது.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை முடித்ததும், தான் எழுதியதையெல்லாம் தானே அழித்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். பெரியவள் அதில் கை தேர்ந்தவள். தாளை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில், ரப்பரை அழுத்தாமல் வருடுவாள். எதிர்த்திசையில் தேய்த்தால் தாள் சுருங்கும் என்பாள். துகள்களை ஊதும் வேலை நடுவனுக்கு. அழிக்கப்படாமல் மிஞ்சுவது அம்மாவின் குறிப்பும், பக்க மூலையில் அவள் வைத்த புள்ளியும் மட்டும். பெரியவள் முடித்த பக்கத்துக்குச் சிவப்பு, நடுவனுக்கு நீலம், பொடிசுக்குப் பச்சை. பொடிசின் கணக்குப் புத்தகத்தில் பச்சைப் புள்ளி இருபத்திரண்டாம் பக்கத்தோடு நின்றிருந்தது. அதற்கப்புறம் கோணல்மாணலாக இருந்தவை அப்பா வைத்தவை. வாத்துகள் இருந்தது இருபத்தேழாம் பக்கம்.

மறுநாளே மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. அலுவலகம் எதிலும் தாமதம் செய்யும், இதில் செய்யவில்லை. பொடிசு புது வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கடைசி வரை திருப்பினாள்.

"இதுல அம்மாவைக் காணோமே" என்றாள்.

அன்று மாலை நடுவன் புதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தான். லிஃப்ட்காரர் வகுத்தல் கணக்கை முக்கால் மணி நேரம் விளக்கினார். மேசை, நாற்காலி, திருகாணி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வகுத்துக் காட்டினார். கடைசியில் பையன் அழுதபோதுதான், மத்தியானம் யாருக்கும் சாப்பாடு போடவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

மறுநாள் விடுப்பு போட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கருவிப் பையையும் எடுத்துக்கொண்டார். அது இல்லாமல் வெளியே போனால் அவருக்குக் கை வீசி நடக்க வராது.

அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டின் மேல் 'பழுது' என்று பலகை. பலகைக்கு ஆணி அடித்துச் சட்டமும் போட்டிருந்தார்கள். நாலு மாடி ஏறியதில் பொடிசு கடைசி மாடியை அப்பாவின் தோளில் ஏறினாள்.

முதல் சாளரத்தில் இருந்த எழுத்தர் நல்ல மாதிரி. ரசீதைப் பார்த்ததும், பழைய தொகுதியை மீட்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். புத்தகம் நுகரப்படவில்லை என்று காட்டினால் போதும். அதாவது எல்லாப் பக்கமும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு வெற்றுப்பக்கச் சான்று என்று பெயர்.

"காலியாத்தான் சார் இருக்கு. அழிச்சுட்டாங்க."

எழுத்தரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. புத்தகம் காலி என்றால் பெரியவள் அதில் எழுதவில்லை என்று ஆகும். எழுதவில்லை என்றால் படிக்கவில்லை. படிக்காத பிள்ளை எப்படி அடுத்த நிலைக்குப் போக முடியும்? பத்து வயதுப் பெரியவள் மறுபடி வாத்து எண்ண வேண்டியிருக்கும் என்றார். எழுதினாள் என்று நிரூபித்தால் அவள் தேறிவிடுவாள். ஆனால் புத்தகம் கூழுக்குப் போய்விடும்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். எழுதியிருக்கா, காலியா?"

"எழுதியும் இருக்கு, காலியாவும் இருக்கு."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். பிறகு இப்படிப்பட்ட நிலைமைக்காகவே அலுவலகத்தில் ஒரு பதவி இருப்பதாகச் சொல்லி, தாழ்வாரத்தின் கடைசி அறையைக் காட்டினார்.

கதவில் 'அழிப்பு ஆய்வாளர்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த மனிதர் அவர்கள் நுழைந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பதாகவும், அந்த அறையைத் தேடி வந்த முதல் கேஸ் இவர்கள்தான் என்றும் சொன்னார். பொடிசுக்கு மிட்டாய் கொடுத்தார். அது பதினோரு வருடமாகக் காத்திருந்த மிட்டாயோ என்று லிஃப்ட்காரருக்குப் பயமாக இருந்தது.

ஆய்வுக்கு மூன்று மணி நேரம் ஆகும், வெளியே காத்திருக்கலாம் என்றார் அவர். பெரியவள் மட்டும் நகரவில்லை. மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவரும் போகச் சொல்லவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் பதினோரு வருடம் இருந்தவர்.

அவர் கிடங்கிலிருந்து வரவழைத்த துணிப்பையின் அரக்கை உடைத்துப் புத்தகங்களை எடுத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு சின்ன விளக்கை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தார். வெளிச்சம் தாளின் மேல் பக்கவாட்டில் தவழ்ந்தபோது, காலியாக இருந்த பக்கத்தில் எண்கள் எழுந்து நின்றன.

"கரிதான் ரப்பரோட போகும் பாப்பா. பள்ளம் தாளோட தங்கிடும். இங்க பாரு, இது நீ எழுதின ஏழு. இது உன் தம்பி எழுதினது. முதல்ல ஆறு போட்டிருக்கான், அப்புறம் ஏழு."

"அவன் எப்பவும் அப்படித்தான்" என்றாள் பெரியவள்.

பிறகு அவர் குறிப்புகளின் மேல் விளக்கை நகர்த்தினார். "இது யாரு? என்ன ஒரு அழுத்தம்."

"அம்மா. பார்சல் ஆபீஸ்ல ரசீது எழுதினாங்க. கார்பன் வெச்சு மூணு காப்பி. மூணாவது காப்பில விழலைன்னா திட்டுவாங்களாம். அதனால எதை எழுதினாலும் அப்படித்தான் எழுதுவாங்க."

அவர் தலையை ஆட்டினார். பாட்டுக் கேட்பவர்கள் ஆட்டுவது மாதிரி இருந்தது அது.

இதற்கிடையில் லிஃப்ட்காரர் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காருவது அவருக்கு ஆகாது. எதிரில் லிஃப்ட் வேறு. எழுந்து போய்க் கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். கதவு மூடினால் இயந்திரத்துக்குத் தகவல் சொல்லும் சின்னத் தகடு ஒன்று அரை விரல் விலகியிருந்தது. அவ்வளவுதான். மின்சாரத்தை அணைத்துவிட்டு, திருப்புளியை எடுத்துத் தகட்டை நகர்த்தி முடுக்கிவிட்டு, மறுபடி போட்டு ஒரு தடவை கீழே அனுப்பி மேலே வரவழைத்தார். பத்து நிமிடம்.

எழுத்தர் ஓடி வந்தார். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்டார். இந்த லிஃப்ட் பழுது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு கடிதம் எழுதியிருக்கிறது. அதற்குப் பதில் வரவில்லை. பதில் வரும்வரை இது பழுதுதான். நடுவில் ஓடினால் கடிதம் பொய்யாகிவிடும். நல்ல மாதிரி என்பதால் புகார் எதுவும் எழுதாமல், பலகையை மட்டும் துடைத்து நேராக மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகும் அலுவலகத்தார் எல்லாரும், ஓடுகிற லிஃப்டுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வறிக்கை மூன்று நாளில் வந்தது. முதல் குழந்தை எழுதியது உறுதி, தேறினாள். இரண்டாம் குழந்தையும் எழுதியது உறுதி. பக்கங்கள் இப்போது காலி; அதுவும் உறுதி. லிஃப்ட்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட இருந்த நேரத்தில் கடைசி வரியைப் படித்தார். 'புத்தகங்களின் ஓரங்களில் அந்நியர் கையெழுத்து, நூற்று நாற்பத்தாறு பக்கங்கள். குழுவின் முடிவுக்கு.'

குழு என்பது இயக்குநர், மேற்பார்வையாளர் அம்மா, அழிப்பு ஆய்வாளர் ஆகிய மூவர். நீளமான மேசையின் ஒரு பக்கம் அவர்கள். எதிர்ப்பக்கம் லிஃப்ட்காரரும் பிள்ளைகளும். நடுவில் ஒன்பது புத்தகங்கள், அரக்கு உடைந்து. நாலு மாடி ஏறி வந்திருந்ததால் இயக்குநர் முதலில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அதையும் எழுத்தர் 'இயக்குநர் சிந்தித்தார்' என்று பதிவு செய்தார்.

"யாரோட கையெழுத்து இது?"

"என் மனைவியோடது சார்."

"அப்ப அவங்களே நேர்ல வந்து, இது என்னோடதுதான்னு ஒப்புக்கணும். இல்ல, வாபஸ் வாங்கிக்கணும். அவ்வளவுதான் நடைமுறை."

"அவங்க இறந்துட்டாங்க சார். படிவத்துல எழுதியிருந்தேன்."

இயக்குநர் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். இறந்தவர்கள் ஒப்புக்கொள்ளவும் முடியாது, வாபஸ் வாங்கவும் முடியாது என்பது விதிகளில் ஒரு குறைதான் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேசப்போகிறார் என்று அர்த்தமாம். மேற்பார்வையாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"இந்த அலுவலகம் எதுக்கு இருக்கு? எந்தக் குழந்தையும் அடுத்தவங்க அறிவைப் பொறுக்கித் தின்னக் கூடாதுங்கறதுக்காக இருக்கு. ஒவ்வொரு குழந்தையும் தானா கத்துக்கணும், அதுவும் நாங்க சொல்ற வரிசையில. நான் சின்ன வயசுல எங்க அண்ணன் புத்தகத்துலதான் படிச்சேன். எல்லாப் பக்கத்துலயும் அவன் விடை எழுதி வெச்சிருப்பான். நானா யோசிச்சு ஒரு பதிலும் போட்டதில்லை. அதனாலதான் இன்னைக்கு நான் இப்படி இருக்கேன்."

எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

"நாங்க இரக்கமில்லாதவங்க இல்லை. எத்தனை பேர் படிச்சாங்கங்கறதைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. அவங்க என்ன கத்துக்கிட்டாங்கங்கறதும் என் வேலை இல்லை. பக்கம் சுத்தமா இருக்கணும். பக்கம் சுத்தமா இருந்தா, ஆய்வுக்கு வர்றவங்களும் நிம்மதியா இருக்கலாம், நாங்களும் நிம்மதியா இருக்கலாம். குழந்தைகள் விஷயம் பிறகு."

முடிவு சுருக்கமாக இருந்தது. வாரிசு என்ற முறையில் கணவர், குழுவின் முன்னிலையில், அந்நியக் கையெழுத்தை அழித்துவிடலாம். அழித்தபின் நேர் மேலிருந்து பார்க்கும்போது எதுவும் தெரியாவிட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் வெற்றுப்பக்கச் சான்று கொடுத்து, புத்தகங்களை அவரிடமே ஒப்படைத்துவிடலாம். மறுத்தால் கூழ்.

"பாருங்க, உங்க புத்தகம் உங்களுக்கே வந்துடுது" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

எழுத்தர் கிடங்கிலிருந்து ஒரு ரப்பரைக் கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட்காரர் அதை எடுத்து முதல் புத்தகத்தைத் திறந்தார். 'பெரியவள் தெரியும் என்பாள்' என்ற வரியின் மேல் ரப்பரை வைத்தார். ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்த கை அது. அன்றைக்கு ஓர் அங்குலம் நகரவில்லை.

"குடுங்கப்பா" என்றாள் பெரியவள். "நீங்க தேய்ச்சா தாள் கிழிஞ்சிடும். இந்த ரப்பர் கல்லு மாதிரி இருக்கு. எங்கிட்ட என்னோடது இருக்கு."

"உனக்கு... பரவாயில்லையா?"

"எத்தனை புத்தகம் அழிச்சிருக்கேன். குடுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் தாளைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, அழுத்தாமல், பூனையைத் தடவுவது போல வருடினாள். எழுத்து மெல்ல மங்கிப் போயிற்று. நடுவன் துகளை ஊதினான். பொடிசு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மூன்று பேரும் வீட்டில் எத்தனையோ தடவை செய்த வேலைதான். ஒரு முகத்திலும் மாற்றம் இல்லை. லிஃப்ட்காரருக்கு அது நெஞ்சில் தைத்தது. பிள்ளைகளுக்கு மறப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தார்.

நூற்று நாற்பத்தாறையும் மனப்பாடம் செய்துவிடலாம் என்று ஒரு கட்டத்தில் அவருக்குத் தோன்றியது. அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டால் போதும். குனிந்து பார்க்கப் போனார். இருபத்தெட்டாம் பக்கத்தின் மேல் பொடிசின் உள்ளங்கை விழுந்தது.

"அந்தப் பக்கம் இன்னும் வரலப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயக்குநர் மூன்று பக்கம் வரை பார்த்துவிட்டு, இன்னொரு கூட்டம் இருப்பதாகப் போய்விட்டார். மேற்பார்வையாளர் அம்மா தேநீர் சாப்பிடப் போனார். ஆய்வு முடிந்துவிட்டதாகவே அவர் கணக்கு. நாலு மணிக்கு அழிப்பு ஆய்வாளர் மட்டும் எதிரில் இருந்தார். மேசையில் கிடந்த தம்முடைய சின்ன விளக்கை எடுத்து, ஒயரைச் சுற்றி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு எழுந்து நின்று ஒவ்வொரு பக்கத்தையும் நேர் மேலிருந்து பார்த்தார்.

"விதியில மேலேர்ந்து பார்க்கணும்னுதான் இருக்கு" என்றார், குறிப்பாக யாரிடமும் இல்லாமல். பிறகு நூற்று நாற்பத்தாறு பக்கத்திலும் முத்திரை குத்தினார். 'வெற்றுப்பக்கம். சான்றளிக்கப்பட்டது.'

தாழ்வாரத்துக்கு வந்ததும் பொடிசு லிஃப்டின் பித்தானை அமுக்கினாள். பெட்டி வந்து நின்றது. நாலு பேரும் ஒன்பது புத்தகங்களும் ஏறிக்கொண்டு இறங்கினார்கள். எழுத்தர் அங்கேதான் நின்றிருந்தார். அந்த லிஃப்ட் ஓடவில்லை என்பதால், அவர்கள் போனதை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து அறையில் ஏதோ இழுபடும் சத்தம். சண்டை போடும் குரல்கள். அவருடைய கருவிப் பை திறக்கும் சத்தமும் கேட்டது. அதை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எழுந்து போனார்.

சாப்பாட்டு மேசையின் மேல் போர்வையைப் போட்டு நாலு பக்கமும் தொங்கவிட்டிருந்தார்கள். மாலை வெயில் இருக்கும்போதே உள்ளே இருட்டு. போர்வையைத் தூக்கினார்.

"மூடுங்கப்பா, வெளிச்சம் வருது" என்றாள் பெரியவள். "உள்ள வாங்க."

குனிந்து, முழங்காலை மடக்கி, தலையை மேசையில் இடித்துக்கொண்டு உள்ளே போனார். தரையில் கணக்குப் புத்தகம், இருபத்தெட்டாம் பக்கம். பெரியவள் அவருடைய டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து, தாளின் ஓரத்துக்கு நகர்த்தினாள். முத்திரைக்குப் பக்கத்தில், சான்றளிக்கப்பட்ட வெறுமையில், கார்பன் மூன்று காப்பி இறங்குகிற அழுத்தத்தோடு அம்மாவின் எழுத்து எழுந்தது.

"நான் அழுத்தாமத்தான் அழிச்சேன்" என்றாள் பெரியவள். "அங்க சொல்ல முடியல."

லிஃப்ட்காரரால் உடனே படிக்க முடியவில்லை. டார்ச் சரியில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவன்தான் எழுத்துக் கூட்டிப் படித்தான். அந்தப் பக்கத்தில் அச்சிட்ட கடிகார முகங்கள், முள் வரைவதற்கு. ஓரத்தில் இப்படி இருந்தது:

'மணி பார்ப்பது. மூத்தது இரண்டும் இந்தப் பக்கத்தில் அழுதன. பொடிசும் அழுவாள். இன்றைக்கு வேண்டாம். மூடி வைத்துவிட்டு மூன்றையும்...'

அதற்கு அடுத்த சொல்லை மட்டும் காணவில்லை. டார்ச்சை எந்தப் பக்கம் சாய்த்தும் வரவில்லை. முத்திரை அதன் மேலேயே விழுந்திருந்தது. அதற்குப் பிறகு, '...கூட்டிக்கொண்டு போ.'

"எங்க கூட்டிட்டுப் போகணுமாம்?" என்று கேட்டான் நடுவன்.

யாருக்கும் தெரியவில்லை. பெரியவள் பூங்கா என்றாள். நடுவன் அந்த ஏழெழுத்து இடைவெளிக்குப் பூங்கா போதாது, கடற்கரையாகத்தான் இருக்கும் என்றான். பொடிசு, ஓடாத லிஃப்டில் இன்னொரு தடவை போகலாம் என்றாள்.

தாம் அனுப்பிய படிவத்தில் ஒரு தவறு இருப்பது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. கற்பிப்பவர் மாறவில்லை. அதைத் திருத்தவும் அங்கே ஒரு படிவம் இருக்கத்தான் செய்யும். அதற்கு நாலு மாடி ஏற வேண்டும். விட்டுவிட்டார்.

பச்சைப் பென்சிலை எடுத்து, இருபத்தெட்டாம் பக்கத்து மூலையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, பொடிசின் இன்னொரு செருப்பைத் தேட ஆரம்பித்தார்.